சுண்ணாம்பு தடவாத மூன்று பானைகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. சந்தையில் நண்டு விற்கும்போதுகூட விலையை விரலால்தான் காட்டுவேன் என்று தெருவில் கேலி செய்வார்கள். கிருமி, மரபணு என்றெல்லாம் எழுத எனக்குத் தகுதியில்லை. எங்காவது தப்பாகவும் எழுதியிருப்பேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தெரிந்தவர்கள் இதைப் பற்றி எழுதும்போது அதில் என் தம்பி இருக்கமாட்டான். அதனால் நான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறோம். எங்கள் சனத்துக்குப் படகு கிடையாது, பெரிய வலை கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றில் கைவிட்டுத் தடவி இறால் பிடிப்போம். பிடித்ததைப் பல்லில் கவ்விய பறிக்குள், ஓலையில் முடைந்த கூடைக்குள், போடுவோம். பங்குனி வந்தால் முகத்துவாரத்தில் மண் ஏறிவிடும். கடல் தண்ணீர் உள்ளே வராது. ஏரி சுண்டிச் சூடேறும். காலையிலேயே தண்ணீர் வெந்நீர் மாதிரி இருக்கும். இறால் ஆழம் தேடிப் போய்விடும், போக முடியாதது செத்து மிதக்கும். அந்த மாதங்களில் என் தம்பி பனை ஏறுவான். திருப்பாலைவனத்துக்காரர் ஒருவர் தன் தோப்பில் ஏறிக்கொள்ள விட்டிருந்தார்.

பதநீர் இறக்க வேண்டுமானால் பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும். எங்கள் பக்கத்தில் ஏரியில் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. அது இருந்தால் பாளையிலிருந்து சொட்டுவது இனிப்பாகவே நிற்கும். இல்லையென்றால் வெயில் ஏற ஏற நுரைத்துக் கள்ளாகிவிடும். கள் இறக்குவது இங்கே குற்றம். எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டி ஆந்திரா பக்கம் போனால் மரத்தடியிலேயே உட்கார்ந்து குடிக்கலாம். இந்தப் பக்கம் அரசாங்கக் கடையில் பாட்டில் வாங்கிக் குடித்துவிட்டு ரோட்டோரம் விழுந்து கிடக்கலாம். அதற்கும் தடையில்லை. என் தம்பியின் மரத்தில் சுண்ணாம்பு தடவாத பானை தொங்கினால் கேஸ்.

தம்பி அந்த விஷயத்தில் மிகவும் கவனமானவன். மரத்தில் ஏறும் முன் ஒவ்வொரு பானையையும் சாய்த்து உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்ப்பான். பயம்தான் காரணம். எங்கள் ஆட்களில் ஒருவன் மேல் ஒரு கேஸ் விழுந்தால் அது அதோடு தீராது. பிறகு சுற்றுவட்டாரத்தில் எங்கே தண்ணீர் மோட்டார் காணாமல் போனாலும், யார் வீட்டுப் பூட்டு உடைந்தாலும் ஜீப் முதலில் அவன் வாசலுக்குத்தான் வரும். அப்பாவை நைனா என்போம். எங்கள் நைனாவுக்கு அப்படித்தான் நடந்தது. யாரோ திருடிய ஆட்டுக்காக ஒரு முறை பிடித்தார்கள். அதற்கப்புறம் அவர் சாகும் வரைக்கும் கூப்பிடும்போதெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். தன் பேர் மட்டும் ஸ்டேஷனில் ஏறக்கூடாது என்று தம்பி சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கேட்டது அவ்வளவுதான்.

போன கோடையில் ஒரு நாள், நானும் தோப்பில் இருந்தபோது, ஒரு கார் உள்ளே வந்தது. சென்னையில் ஒரு கல்லூரிப் பேராசிரியரும், அவரிடம் ஆராய்ச்சி படிக்கும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். சுண்ணாம்பு தடவாத பானையில் விழும் கள் வேண்டும், அதுவும் உச்சி வெயிலில் இறக்கியது வேண்டும் என்றார் பேராசிரியர். தம்பி முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாளை சீவப் போய்விட்டான். அவர் விடவில்லை. இது குடிக்க அல்ல, ஆராய்ச்சிக்கு, சட்டத்தில் இதற்கு வழியிருக்கிறது என்று விளக்கினார். பிறகு எங்கள் எதிரிலேயே போனை எடுத்து யாரிடமோ பேசினார். எங்கள் ஊர்ப் பெயரையும் தம்பி பெயரையும் சொல்லி, சம்பந்தப்பட்ட துறைக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள் என்றார். போனை வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்து, "சொல்லியாச்சு. ஒரு பிரச்சினையும் வராது. வந்தா நான் பாத்துக்கறேன்" என்றார்.

நல்ல சட்டை போட்ட ஒருவர் எங்கள் எதிரில் நின்று, எங்கள் பேரைச் சொல்லி, போனில் உத்தரவு போட்டதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. தம்பி ஒத்துக்கொண்டான். காசும் கேட்கவில்லை.

அதன்பின் அந்தப் பெண்தான் வந்துபோனாள். மேற்கே எங்கோ தறி ஓடுகிற ஊரிலிருந்து வந்து படிக்கிற பெண். வெயிலில் முகம் கருத்து, தலைவலியோடு வந்து எங்கள் வீட்டில் உட்காருவாள். நான் இறால் உரிப்பேன். அவளும் ஒரு கை கொடுப்பாள், ஆனால் இறாலின் தலையைத் திருகும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அவள் பேசினால் எனக்குக் கூச்சம் வராது. அதனால் கேள்வி கேட்டேன். அவள் சொன்னதை எனக்கு விளங்கிய வரைக்கும் எழுதுகிறேன்.

கள்ளை நுரைக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். பனஞ்சாற்றில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அவை எத்தனாலை விடுகின்றன. போதை தருவதும் அதுதான், இப்போது பெட்ரோலில் கலப்பதும் அதுதான். தொழிற்சாலையில் பெரிய பெரிய தொட்டிகளில் இந்தக் கிருமியை வளர்க்கிறார்கள். அது வேலை செய்யும்போது தொட்டி சூடாகும். முப்பது டிகிரியில் சுறுசுறுப்பாக இருப்பது நாற்பதை நெருங்கினால் படுத்துவிடும். அதனால் தொட்டியை ஓயாமல் குளிர வைக்க வேண்டும். சூட்டைத் தாங்கும் கிருமி கிடைத்தால் அந்தச் செலவு இல்லை. பொட்டல் மணலில், நிழலே இல்லாத மரத்தில், கறுத்த பானைக்குள் பல வருஷமாக வெந்துகொண்டிருக்கும் கிருமிதான் சூட்டைத் தாங்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். அதனால்தான் எங்கள் தோப்பு.

அவள் வேலை அதற்கு மேல். தாங்கும் கிருமி எதனால் தாங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதன் உடம்புக்குள் ஆயிரத்துக்கு மேல் மரபணு இருக்கிறதாம். ஒரு கிருமியில் ஒரு மரபணுவை உடைப்பார்கள், இன்னொன்றில் வேறொன்றை. இப்படி ஒவ்வொன்றாக உடைத்து எல்லாவற்றையும் சூட்டில் வைத்துப் பார்ப்பார்கள். எதை உடைத்தால் சாதாரணச் சூட்டில் பிழைத்தும் அதிகச் சூட்டில் சாகிறதோ, அந்த மரபணுதான் சூட்டைத் தாங்க உதவுகிறது என்று தெரியும். சில மரபணுக்கள் கிருமியின் மேல்தோலைக் கெட்டியாக வைத்திருக்கும், சில சூட்டில் முறுக்கிக்கொண்டு கெட்டுப்போனதைச் சரிசெய்யும் என்றாள். நான் விழித்ததைப் பார்த்து, ஒரு படகில் ஒரு ஆணியைப் பிடுங்கி அமைதியான தண்ணீரிலும் அலையிலும் விட்டுப் பார்ப்பது போல என்றாள்.

தம்பி அப்போதுதான் தோப்பிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தான். "இன்னாமா, ஓட்டப் படகா வுட்டு வுட்டுப் பாப்பீங்களா? ஏறி ஓட்றதுக்கு ஆளு யாரு, உங்க சாரா?" என்றான். அவள் சிரித்துச் சிரித்து உரித்த இறாலைக் கீழே போட்டுவிட்டாள்.

எங்கள் ஏரி இறாலுக்கும் சூட்டைத் தாங்க இப்படி ஏதாவது இருக்கிறதா, யாராவது தேடுகிறார்களா என்று கேட்டேன். அவள் ஒரு இறாலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இருக்கலாம்க்கா. அது என் ப்ராஜெக்ட் இல்ல" என்றாள். அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. இப்போது வருகிறது.

அவள் முதலில் கொண்டுபோன பாட்டில்களில் ஒன்றுமே வளரவில்லை. பேராசிரியர் அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அவள் அழுத கண்ணோடு வந்து தோப்பில் நின்றபோதுதான் காரணம் தெரிந்தது. அவளுக்கென்று தனியாக வைத்த மூன்று பானைகளிலும் தம்பி சுண்ணாம்பு தடவியிருந்தான். வேண்டுமென்று செய்யவில்லை. அவனுக்கு நினைவே இல்லை. மற்ற பானைகளுக்குத் தடவிக்கொண்டு வந்த கை அதுபாட்டுக்கு அவற்றுக்குள்ளும் போய்விட்டது. அவ்வளவு காலப் பயம் அந்தக் கைக்குள் இருந்தது.

பிறகு அவனே புதுப் பானை வாங்கிவருகிறேன் என்றான். வேண்டாம், பழைய பானைதான் வேண்டும், அதன் உள்சுவரில் படிந்த பிசுக்கில்தான், சுண்ணாம்புக்கு அடியிலும் சாகாமல், கிருமி குடியிருக்கிறது, கழுவவும் கூடாது என்று அவள் சொன்னாள். சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூன்று பானைகளையும் ஒரே மரத்தில் கட்டினான். நாளாக நாளாக அவற்றில் பிசுக்கு ஏறி, புளித்த நாற்றம் தோப்பைத் தாண்டி ரோடு வரை அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் தம்பி ரோட்டைப் பார்ப்பான். விட்டுத் தொலைடா என்று நான் சொன்னேன். "நம்ம பானைல கீற கிருமி வேற எங்கியும் கெடைக்கலயாம்க்கா. அந்தக் காலேஜ் பாப்பா சொல்லுச்சு" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எங்களிடம் இருப்பது வேறெங்கும் இல்லை என்று அவனிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை.

ஒரு நாள் காலை மதுவிலக்குப் போலீஸ் வந்தது. ஏட்டு ஒருவர் ஒவ்வொரு பானையாக இறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தார். சுண்ணாம்புப் பானைகளை விட்டுவிட்டார்கள். அந்த மூன்றையும் எடுத்து வைத்தார்கள். தம்பி கல்லூரி, ஆராய்ச்சி, கிருமி என்று சொன்னான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"கிருமிக்கா ஊத்துற? உன் கிருமி ஒரு நாளைக்கி எத்தினி டம்ளர் அடிக்கும்?" என்றார் ஏட்டு.

எங்கள் நைனாவின் பெயரையும் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்பனும் ஸ்டேஷனுக்கு வந்துபோனவன்தானே என்று இன்னொருவர் சொன்னார். தம்பி இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினான்.

நான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் பதறிப்போனாள். சாரிடம் சொல்கிறேன் என்றாள். பேராசிரியர் எண்ணுக்கு நானே அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தம்பி பெண்டாட்டியை ஸ்டேஷன் வாசலில் உட்கார வைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு பஸ் ஏறினேன். மறுநாள் காலையில் அவனைக் கோர்ட்டில் நிறுத்தப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் பேராசிரியர் ஒரு வார்த்தை வந்து சொன்னால் போதும் என்று நினைத்தேன். எங்கள் ஆளின் வார்த்தை எங்கேயும் எடுபடாது. அவர் வார்த்தை எடுபடும்.

கல்லூரி வாசலில் அந்தப் பெண் காத்திருந்தாள். பேராசிரியர் யாரோடோ பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, அதுவரைக்கும் தன் ஆராய்ச்சிக் கூடத்தில் உட்கார வைத்தாள். அங்கே ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே சூடு குறையாமல் வைத்திருக்கும் பெட்டி. அதில் கண்ணாடிக் குழாய்கள் ஆடிக்கொண்டிருந்தன. சில தெளிவாக இருந்தன, விலைக்கு வாங்கிய கிருமி இருப்பவை, சூட்டில் செத்துவிட்டதாம். சில கஞ்சித்தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தன. கலங்கியதெல்லாம் உங்கள் பானைக் கிருமி என்றாள். எங்கள் ஊர்ப் பெயரின் எழுத்துகளைத்தான் அதற்குப் பேராக வைத்திருக்கிறார்களாம். கரண்ட் போனாலும் பெட்டி நிற்காமலிருக்கத் தனி ஏற்பாடு இருந்தது. என் தம்பி அந்த நேரம் ஸ்டேஷன் தரையில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்கு மரத்தடியில் சார் போனில் பேசியது யாரோடு என்று கேட்டேன். அவள் குழாயைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். ஆபீஸ் கிளார்க்கிடம் பேசினாராம். கிளார்க் மறந்துவிட்டார். அதன்பின் சார் கேட்கவும் இல்லை, தானும் ஞாபகப்படுத்தவில்லை என்றாள்.

பேராசிரியர் அறையில் என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

"இதுல காலேஜ் பேரு வரக்கூடாதும்மா. எங்களுக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் சாம்பிள். மீதிய அவர் என்ன பண்ணாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"மீதிய மரத்தடியிலயே கொட்டிடுவான் சார். நீங்க கேட்ட மூணு பானையதான் புடிச்சாங்க. மத்ததுல எல்லாம் சுண்ணாம்பு கீது" என்றேன். அவ்வளவு நீளமாக ஒரு படித்தவர் எதிரில் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அதைக் கோர்ட்டில் சொல்லுங்கள் என்றார். எங்கள் சொல் அங்கே ஏறாது, நீங்கள் வந்து சொல்ல வேண்டும் என்றேன். அவர் போனைப் பார்த்தார். மறுநாள் முக்கியமான கூட்டம் இருக்கிறது என்றார். நல்ல வக்கீல் யாராவது தெரிந்தால் சொல்வதாகச் சொன்னார். எழுந்து நின்றுகொண்டு, நான் சந்தோஷப்பட வேண்டிய விஷயம் மாதிரி இதையும் சொன்னார்: "நீங்க பயப்படாதீங்க. கல்ச்சர், அதான் அந்தக் கிருமி, எங்ககிட்ட பத்திரமா இருக்கு. இனிமே உங்க பானை தேவைப்படாது."

அவருக்கு வேண்டியது பெட்டிக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அது எப்படிச் சூட்டைத் தாங்குகிறது என்று இனி வருஷக்கணக்கில் பார்ப்பார்கள். ஒரு ஜீவனுக்குள் எது உடைந்தால் அது தாங்காமல் போகும் என்று தேடுவதுதான் அவர் தொழில். எதிரில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அவருக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

வெளியே வந்ததும் வராந்தாவில் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பேராசிரியரிடம் கத்தியிருக்க வேண்டியதை அந்தப் பெண்ணிடம் கத்தினேன். "ஒவ்வொண்ணா ஒடச்சுப் பாப்போம்னியே. எங்க வூட்ல இன்னும் இன்னா மிச்சம் வெச்சிக்கீறீங்க?" என்றேன். பிள்ளைகள் வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.  அவளிடம் அப்படிப் பேசியதற்கு எனக்கு வருத்தமில்லை. அவள் உள்ளே போனாள், பையை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் வரேன்க்கா என்றாள். சாரிடம் சொன்னாயா என்று கேட்டேன். அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

பொழுது சாயும்போது ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் தன் கல்லூரி அட்டையைக் காட்டி, இது தன் ஆராய்ச்சிக்காகத் தான் கேட்ட கள் என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். உங்கள் பேராசிரியர் வருவாரா, கல்லூரியிலிருந்து எழுத்தில் ஏதாவது கொடுப்பார்களா என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அப்படியானால் நாளைக்குக் கோர்ட்டில் சொல்லிக்கொள் என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

தம்பியை ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. யார் அடித்தது என்று கேட்டேன். அவன் என்னைத் தாண்டி அந்தப் பெண்ணைப் பார்த்தான்.

"வளந்துச்சாமா நம்மது?" என்றான்.

"வளந்துச்சுண்ணா. நல்லா வளந்துச்சு."

அவன் சிரித்தான். அந்த நிமிஷம் எனக்கு அவன் மேலும் கோபம் வந்தது. சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன், சட்டை போட்டிருந்தால். எதற்குடா சிரிக்கிறாய், நாளைக்கு உன் பேர் ஏறப்போகிறது, நைனா மாதிரி நீயும் ஆயுசு முழுக்க அந்தப் பெஞ்சில் வந்து உட்காரப்போகிறாய் என்று சொல்ல வாய் வந்தது. அவனுக்குத் தெரியாமலா இருக்கும். நான் சொல்லவில்லை. அந்தப் பெண் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் தங்கினாள். நாங்கள் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை தம்பியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பெண் வந்திருந்தாள், அவளை யாரும் கூப்பிடவில்லை. பேராசிரியர் வரவில்லை. தம்பியைக் காவலில் வைக்கச் சொன்னார்கள். மதியத்துக்கு முன்னால் வேனில் ஏற்றிச் சிறைக்கு அனுப்பினார்கள்.